மறுத்தவன் கதையும் மறுக்கப்பட்டவன் கதையும்

கிற்றார்காரரைப் பற்றி உலகம் முழுக்க ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரியினம். ஆளின்ர பேர் மாறும், குழுவின்ர பேர் மாறும், கதை மாறாது. "பெரிய குழு தேடி வந்து கேட்டதாம், இவர் மாட்டன் எண்டிட்டாராம்." எரிக் கிளப்ரன் பீற்றில்சுக்கு மாட்டன் எண்டவராம். ஜெஃப் பெக் பிங்க் ஃபுளொயிட்டுக்கு மாட்டன் எண்டவராம். றோறி கல்லகர் றோலிங் ஸ்ரோன்சுக்கே மாட்டன் எண்டவராம். வட்சப்பில வருது, யூரியூப்பில வருது, வேலையிடத்தில சிகரெட் பத்தப் போற பின்கதவடியிலயும் வருது. கேக்கிறவை எல்லாரும் "அப்பிடியோ!" எண்டு வாயைப் பிளக்கினம்.

எனக்கு இந்தக் கதையில கோவம் இருக்கு. சும்மா ஒரு பாட்டுக்காரக் கதைக்கு ஏன் உனக்குக் கோவம் எண்டு கேப்பியள். சொல்லுறன்.

முதலில ஒண்டு. நான் சங்கீதம் படிச்சவன் இல்லை. லண்டனில ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில நிக்கிற ஆள். எங்கட குசினியில ஒரு றேடியோ இருக்கு, எண்ணெய் பிடிச்சு நிறமே தெரியாது. அதில பழைய றொக் பாட்டுத்தான் எந்த நாளும் ஓடும். வெங்காயம் வெட்ட வெட்டக் காதில விழுந்து விழுந்து, இந்த ஆக்களைப் பற்றித் தேடி வாசிக்கிற பழக்கம் வந்திட்டுது. சரிற்றிக் கடையில ஒரு பவுணுக்கு இவையின்ர சுயசரிதைகள் கிடக்கும். அதுகள்தான் என்ர பல்கலைக்கழகத்தின்ர மிச்சப் பாதி எண்டு வையுங்கோவன்.

சரி, கதைகளை ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாப்பம்.

கிளப்ரன் கதை. 1969 தை 10ஆம் திகதி, லண்டன் ருவிக்கினம் ஸ்ரூடியோவில பீற்றில்ஸ் ஒத்திகை பாத்துக்கொண்டு நிக்கேக்க ஜோர்ஜ் ஹரிசன் வெறுத்துப்போய் எழும்பிப் போட்டார். அப்ப ஜோன் லெனன், ஜோர்ஜ் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள வராட்டில் கிளப்ரனைக் கூப்பிடுவம் எண்ட மாதிரிக் கதைச்சார். இது பதிவில இருக்கு. பீற்றர் ஜாக்சன் 2021இல வெளியிட்ட 'கெற் பாக்' படத்திலயும் அந்த நாள் கதையெல்லாம் வருது. ஹரிசன் அந்த மாதமே திரும்பி வந்திட்டார். தை 30ஆம் திகதி சவில் றோ மொட்டை மாடியில வாசிக்கேக்க அவர்தான் கிற்றாரோட நிக்கிறார். இதில கிளப்ரனை ஆர் கேட்டது? அவர் எப்ப மறுத்தது? கோவத்தில ஒரு மனுசன் விட்ட கதை, ஐம்பது வருசத்தில "பீற்றில்ஸ் கேட்டும் போகாதவர்" எண்டு வளந்து நிக்குது.

பெக் கதை இதைவிட வடிவு. 1967 கடைசியில பிங்க் ஃபுளொயிட்டில சிட் பரெற் மனநிலை குழம்பி, மேடையில வாசிக்க ஏலாத நிலைக்கு வந்திட்டார். வேற கிற்றார்காரர் தேவை. ஜெஃப் பெக்கை எடுக்க அவைக்கு ஆசைதான். ஆனா போய்க் கேக்கிற துணிவு தங்கள் ஒருத்தருக்கும் இருக்கேல்ல எண்டு, அந்தக் குழுவின்ர ட்ரம்ஸ்காரர் நிக் மேசன் தன்ர புத்தகத்திலயே எழுதியிருக்கிறார். கேக்கவே இல்லை! கேக்காத கேள்விக்கு பெக் எப்பிடி மாட்டன் எண்டு சொன்னவர்? ஆனா கதை அப்பிடித்தான் ஓடுது. பெக் 2023 தையில செத்துப்போனார். கதை இன்னும் சாகேல்ல.

இப்ப றோறி கல்லகர். எனக்கு இவரில கொஞ்சம் கூடப் பற்று. அயர்லாந்தின்ர கோர்க் நகரத்தில வளந்தவர். 1963இல, பதினைஞ்சு வயதில, ஏறத்தாழ நூறு பவுண் விலையான ஸ்ராற்றகாஸ்ரர் கிற்றாரைத் தவணைக் காசுக்கு எடுத்தவர். சாகும்வரை அதைத்தான் வாசிச்சவர். வியர்வையில அதின்ர பெயின்ற் கழண்டு வெறும் மரம் தெரியும்.

ஸ்ரோன்ஸ் ஆர் எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லோணும். ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு வருசாவருசம் போறியள் எல்லே? அந்த ஈலிங்கில, புறோட்வே ஸ்ரேசனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கீழறையில 1962இல ஒரு கிளப் துவங்கினது. மிக் ஜாகரும் கீத் றிச்சட்ஸும் பிரையன் ஜோன்சைச் சந்திச்சது அங்கதான். அந்த மூண்டு பேரும் சேந்து உண்டாக்கினதுதான் றோலிங் ஸ்ரோன்ஸ். 1974 மார்கழியில அவையின்ர கிற்றார்காரர் மிக் ரெய்லர் விலகிப் போட்டார். 1975 தையில ஒல்லாந்தின்ர றொற்றடாம் நகரத்தில புது இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு நடக்கேக்க, ஒவ்வொரு கிற்றார்காரராக் கூப்பிட்டு வாசிக்க விட்டவை. ஜெஃப் பெக் போனார். றோறியும் தன்ர கிற்றாரோட போனார். சில இரவுகள் வாசிச்சார். முடிவு சொல்ல வேண்டிய நேரம் கீத் நித்திரையாம். றோறி காத்துக்கொண்டு நிண்டு பாத்திட்டு விமானம் ஏறிட்டார், ஏனெண்டால் யப்பானில அவருக்குக் கச்சேரிப் பயணம் ஒழுங்காகி இருந்தது. அவரின்ர தம்பி டோனல் திருப்பித் திருப்பிச் சொன்ன கதை இதுதான்.

இதில மறுப்பு எங்க இருக்கு? குசினியில வேலை செய்யிற ஆருக்கும் இந்தக் கதை உடன விளங்கும். இதுக்குப் பேர் ட்ரயல் ஷிஃப்ற். வந்து ரெண்டு நாள் நிண்டு காட்டு, பிறகு சொல்லுறம். முதலாளி நித்திரை. நீ காத்துக்கொண்டு நில். றோறி செய்தது என்ன? தன்ர சொந்த ஷிஃப்றுக்கு நேரத்துக்குப் போனார், அவ்வளவுதான். ரிக்கற் எடுத்த சனத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். எனக்கு அது "ஸ்ரோன்சையே தூக்கி எறிஞ்சார்" எண்டதைவிடப் பெரிய விசயம். ஆனா வதந்திக்கு அது காணாது. வதந்திக்கு வீரம் வேணும், முகத்தில அறைஞ்ச மாதிரி ஒரு "மாட்டன்" வேணும்.

உண்மையிலயே மறுத்தவை இல்லையோ எண்டால், இருக்கினம். 1965இல யாட்பேர்ட்ஸ் குழுவை விட்டுக் கிளப்ரன் விலகேக்க, முதலில கேட்டது ஜிமி பேஜைத்தான். அவர் மாட்டன் எண்டார். ஏன்? ஸ்ரூடியோவில கூலிக்கு வாசிச்சு நல்ல காசு உழைச்சுக்கொண்டிருந்தவர். கிளப்ரன் சிநேகிதன் எண்ட யோசனையும் இருந்தது. தனக்குப் பதிலா ஜெஃப் பெக்கைக் கைகாட்டி விட்டார். அடுத்த வருசம் தானும் அதே குழுவில போய்ச் சேந்தார். அமெரிக்காவில டைம்பாக் டரெலை மெகாடெத் குழு கேட்டது. என்ர அண்ணனையும் ட்ரம்ஸுக்கு எடுத்தால் வாறன் எண்டார். அவை ஏற்கெனவே ட்ரம்ஸுக்கு ஆள் எடுத்திட்டினம். அவர் போகேல்ல. எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, அண்ணனை விட்டிட்டு ஆர் போவான்?

பாருங்கோ, உண்மையான மறுப்புக்கெல்லாம் காரணம் சாதாரணம். சம்பளம், சிநேகிதம், கொடுத்த வாக்கு, கூடப்பிறந்தவன். அதில ஒரு வீர வசனமும் இல்லை. அதனாலதான் அதுகளை ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லுறேல்ல. காரணத்தை வெட்டிப்போட்டு "மாட்டன்" எண்டதை மட்டும் வைச்சிருக்கினம்.

இதில இன்னொரு வேடிக்கை. 1969இல ஸ்ரோன்சுக்கு ஆள் தேவைப்படேக்க றொனி வூட்டைத் தேடி ஒரு தொலைபேசி வந்ததாம். எடுத்தது அவரோட வாசிச்ச றொனி லேன். "அவர் இஞ்ச நல்லா இருக்கிறார், உங்களுக்கு நன்றி" எண்டு சொல்லி வைச்சிட்டாராம். வூட்டுக்கு அது தெரியவந்தது கனகாலத்துக்குப் பிறகு. வூட் தானே சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுற கதை. ஆக, வெளியில நிண்டு பாக்கிறவனுக்கு வூட் மறுத்தவர். வூட்டுக்கோ தன்னைக் கேட்டதே தெரியாது.

இனி என்ர கோவத்துக்கு வாறன். இந்த வதந்தி மூண்டு பேருக்கு அநியாயம் செய்யுது.

முதல் அநியாயம், வந்து வேலை செய்தவனுக்கு. பிங்க் ஃபுளொயிட்டுக்கு பெக் வரேல்ல, சரி. 1968 தையில வந்தது டேவிட் கில்மோர். சிட் பரெற்றின்ர கேம்பிரிட்ஜ் சிநேகிதன். தன்ர சிநேகிதன் நிண்ட இடத்தில, சிநேகிதன் உயிரோட இருக்கேக்கயே போய் நிண்டு, சனத்தின்ர முறைப்பை வாங்கிக்கொண்டு வாசிக்கிறது எப்பிடி இருந்திருக்கும்? ஸ்ரோன்சுக்குக் கடைசியில வந்தவர் அந்த றொனி வூட்தான். 1975 அமெரிக்கப் பயணத்தில ஏறினவர், 2024 அமெரிக்கப் பயணத்திலயும் மேடையில நிண்டவர். அதைவிட முக்கியம், 1990களின்ர தொடக்கம் வரை அவர் அந்தக் குழுவில பங்காளி இல்லை, சம்பளக்காரன். உலகமே பாக்கிற மேடையில, பக்கத்தில நிக்கிறவை முதலாளிமார், இவர் கூலி. அப்பிடிப் பதினைஞ்சு வருசத்துக்கு மேல நிண்டிருக்கிறார். வதந்தியில அவருக்கு என்ன இடம்? "மற்றவை வேண்டாமெண்டதை எடுத்தவர்." வேலைக்கு வந்தவனை இதைவிடக் கேவலப்படுத்த ஏலாது.

ரெண்டாவது அநியாயம், மறுத்தவன் எண்டு சொல்லப்படுறவனுக்கே. ரெறி றீட் எண்டு ஒரு பாட்டுக்காரர், கிற்றாரும் வாசிப்பார். 1968இல ஜிமி பேஜ் புதுக்குழு துவங்கேக்க இவரைப் பாடக் கேட்டார். இவர் ஏற்கெனவே கிரீம் குழுவோட அமெரிக்கா போக ஒத்துக்கொண்டிட்டார். அதால றொபேட் பிளான்ற் எண்ட பெடியனைக் கைகாட்டினார். அந்தக் குழுதான் லெட் செப்பெலின். பிறகு றீட் எத்தினையோ இசைத்தட்டுப் போட்டார், கடைசிவரை பாடினார். 2025 ஆவணியில செத்தார். செய்தித் தலைப்புகளைப் பாத்தியளோ? "லெட் செப்பெலினை மறுத்தவர் காலமானார்." ஐம்பத்தேழு வருசம் பாடின மனுசனுக்குச் செத்தவீட்டிலயும் தன்ர பேரில்லை, தான் போகாத இடத்தின்ர பேர்.

மூண்டாவது அநியாயம்தான் எனக்குக் கிட்டவாப் படுறது. கதவைப் பூட்டினவன் கதையில இருந்து தப்பிப் போறான்.

எங்கட ஆக்களிட்டையும் இந்த வதந்தி இருக்கு. கிற்றார் மட்டும் இல்லை. "அவருக்கு மெடிசின் கிடைச்சது, போகேல்ல." "கனடாவுக்கு எல்லாம் சரிவந்தது, வேண்டாமெண்டிட்டார்." "பாங்கில பெரிய உத்தியோகம், தூக்கி எறிஞ்சிட்டு வந்தவர்." கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாத்திலயும் கேக்கலாம்.

என்னைப் பற்றியும் ஒண்டு உலாவுது. ஒரு கலியாணவீட்டில எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை என்னைப் பக்கத்தில இருந்தவருக்கு அறிமுகப்படுத்தினார்: "தம்பி கம்பஸ் கிடைச்சும் வேண்டாமெண்டு விட்டிட்டு வந்தவர்." அவர் மரியாதைக்குத்தான் சொன்னவர். தட்டுக் கழுவுறவன் எண்டு சொல்லாமல், கொஞ்சம் உயத்திச் சொல்லுவம் எண்டு நினைச்சிருப்பார். நல்ல மனுசன். ஆனா நான் உடன சொன்னன், "இல்லையண்ணை, நான் விடேல்ல. பாதை பூட்டினது."

நடந்தது அதுதான். நான் ரெண்டாம் வருசம். லீவுக்கு யாழ்ப்பாணம் வீட்டை வந்து நிண்டனான். 2006 ஆவணி 11ஆம் திகதி முகமாலையில சண்டை துவங்கி ஏ9 பாதை பூட்டுப்பட்டது. திரும்பிப் போக வழியில்லை. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில நிண்ட மாதங்கள் அது. பேந்து ஒரு மாதிரிக் கப்பலில இடம் கிடைச்சுக் கொழும்பு, அங்கயும் இருக்க ஏலாமல் இஞ்ச. என்ர இடத்தில வேற ஆரோ இருந்து படிச்சு முடிச்சிருப்பினம், அவை நல்லா இருக்கட்டும்.

இப்ப சொல்லுங்கோ, "வேண்டாமெண்டு விட்டவர்" எண்டு என்ர கதையைச் சொன்னால் அதில பாதை எங்க? சண்டை எங்க? வரிசை எங்க? எல்லாம் காணாமல் போகுது. மிஞ்சிறது நானும் என்ர வீரமும் மட்டும். எனக்கு அந்த வீரம் வேண்டாம். எனக்கு அந்தப் பாதை கதையில வேணும்.

எங்கட சனத்துக்கு ஏன் மறுத்தவன் கதை இவ்வளவு இனிக்குது எண்டு நான் யோசிச்சுப் பாத்தன். நாங்கள் மறுக்கப்பட்ட ஆக்கள். "றிஃபியூஸ்" எண்ட சொல்லை நாங்கள் ஆங்கில வகுப்பில படிக்கேல்ல, கடித உறைக்குள்ளதான் படிச்சனாங்கள். பந்திக்குப் பந்தி இலக்கம் போட்டு, நீ சொல்லுறதை நாங்கள் நம்பேல்ல எண்டு மரியாதையா எழுதின கடிதம். என்ர முதல் முடிவும் றிஃபியூஸ்தான், அப்பீலிலதான் கிடைச்சது. அந்தக் கடிதத்தோட படுத்தெழும்பின எவனுக்கும், எங்கயோ ஒருத்தன் பெரிய இடத்தைப் பாத்து "நீ என்ன என்னை மறுக்கிறது, நான் உன்னை மறுக்கிறன்" எண்டு சொன்னதாக் கேட்டால் நெஞ்சு குளிரும். எனக்கும் விளங்குது. ஆனா நெஞ்சு குளிர்ந்தால் கடிதம் எழுதினவனுக்கு என்ன நட்டம்? ஒண்டும் இல்லை. அவனுக்கு வசதி.

"அட, கதைதானே, ஆருக்கென்ன?" எண்டு கேக்கிறவைக்கு ஒரு உதாரணம் சொல்லுறன். இந்த நகரத்தில ஸ்ருடென்ற் விசாவில வாற பெடியள் ரெஸ்ரோரன்றுகளுக்கு ட்ரயலுக்குப் போறவை. ரெண்டு நாள், மூண்டு நாள், சில இடத்தில ஒரு கிழமை. சட்டி கழுவி, கோழி வெட்டி, நிலம் கூட்டி, கடைசியில "கோல் பண்ணுறம் தம்பி". கோல் வராது. காசும் வராது. பெடியன் அறைக்கு வந்து என்ன சொல்லுவான்? "அந்த இடம் சரிவராது மச்சான், நான் வேண்டாமெண்டு வந்திட்டன்." அவனை நான் குறை சொல்லமாட்டன். இருபத்திரண்டு வயதில, வெளிநாட்டில, அந்தத் தன்மானம் ஒண்டுதான் அவனிட்டை மிச்சம். ஆனா அறையில இருக்கிற நாங்கள் அந்தக் கதையை அப்பிடியே எடுத்து, "பாத்தியளோ, பெடியன் ரோசக்காரன், தூக்கி எறிஞ்சிட்டு வந்திட்டான்" எண்டு ஊர் முழுக்கப் பரப்பினால், மூண்டு நாள் சும்மா வேலை வாங்கினவர் எங்க போனார்? அடுத்த கிழமை அதே வாசலில அடுத்த பெடியன் நிப்பான். அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டினம், ஏனெண்டால் எங்களிட்டை இருந்தது எச்சரிக்கை இல்லை, வீரக்கதை.

அதனாலதான் சொல்லுறன், இது சின்ன விசயம் இல்லை.

இனி ஆரும் உங்களிட்டை வந்து "அவர் மறுத்தவராம்" எண்டால், மூண்டே மூண்டு கேள்வி கேளுங்கோ. கேட்டது ஆர், எப்ப? அவர் போகாததுக்குக் காரணம் என்ன? பிறகு அந்த வேலையைச் செய்தது ஆர்? முதல் கேள்வியில கிளப்ரன் கதையும் பெக் கதையும் விழுந்திடும். ரெண்டாவதில றோறி யப்பானுக்குப் போய் வாசிச்சது தெரியும், றீட் கொடுத்த வாக்குத் தெரியும், எங்கட பாதையும் தெரியும். மூண்டாவதில கில்மோரும் வூட்டும் வெளிச்சத்துக்கு வருவினம்.

எங்கட விழாக்களிலயும் ஒருக்காப் பாருங்கோ. ஈழத்துப் பொப் பாட்டு எண்டால் நித்தி கனகரத்தினத்தைத் தெரியும், ஏ.ஈ. மனோகரனைத் தெரியும். நல்லது, தெரிய வேண்டிய ஆக்கள். லண்டன் மண்டபங்களில அந்தப் பாட்டுகளை இப்பவும் பாடீனம், சனம் எழும்பி ஆடுது. பாடினவருக்குப் பொன்னாடை, பேச்சாளருக்குப் பொன்னாடை, மண்டபம் தந்தவருக்கும் பொன்னாடை. பின்னால மூலையில, காலமை வேலை முடிச்சு ரெண்டு பஸ் மாறி வந்து கிற்றார் வாசிக்கிறவரின்ர பேரை அறிவிப்பாளர் சொல்லுறாரோ? அவரை எந்தப் பெரிய குழுவும் கேக்கேல்ல. அவர் ஒண்டையும் மறுக்கேல்ல. வரச்சொன்ன நேரத்துக்கு வந்து வாசிச்சிட்டுப் போறார்.

றோறி 1995 ஆனியில, நாற்பத்தேழு வயதில, இந்த லண்டனிலதான் செத்தவர். தவணைக் காசுக்கு எடுத்த அந்தக் கிற்றார் 2024இல இஞ்ச ஏலத்தில எட்டு லட்சம் பவுணுக்கு மேல போனது. அந்த மரத்தில பெயின்ற் கழண்ட ஒவ்வொரு இடமும் அவர் வாசிச்ச இரவுகளால கழண்டது. வாசிக்காமல் விட்ட ஒரு இரவாலயும் அதில ஒரு கீறல் விழேல்ல.